சூத்திரம் வகுத்த விலை: இந்தியாவில் மூலதனக் கட்டமைப்பும் நிறுவன மதிப்பும், 1943–1992

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943 மே மாதம், பிரிட்டிஷ் இந்திய அரசு இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 94-ஏ என்றொரு புதிய விதியைச் சேர்த்தது. அரசின் ஒப்புதலின்றி எந்த நிறுவனமும் பங்கோ கடன்பத்திரமோ வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். போர்க்காலப் பணவீக்கத்தில் புற்றீசல்போலக் கிளம்பிய நிறுவனங்களுக்குள் மக்களின் சேமிப்பு போய் விழாமல் போர்க்கடனுக்குத் திரும்ப வேண்டும் என்பது நோக்கம். போர் முடிந்தது; விதி முடியவில்லை. 1947இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. அதன்பின், 1992 மே 29 வரை, ஓர் இந்திய நிறுவனம் எவ்வளவு பணத்தை, எந்த வடிவில், என்ன விலைக்குத் திரட்டலாம் என்பதை நிதியமைச்சகத்தின்கீழ் இயங்கிய மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்னும் அலுவலரே தீர்மானித்தார்.

நிதியியல் பயிலும் மாணவர் எவரும் முதல் பருவத்திலேயே சந்திக்கும் ஒரு கட்டுரை இந்தக் காலத்தின் நடுவில்தான் வெளிவந்தது. 1958 ஜூனில் ஃபிராங்கோ மோடிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும் எழுதியது அது. நிறுவனத்தின் மதிப்பு அதன் சொத்துகள் ஈட்டும் வருவாயிலிருந்து பிறக்கிறது. அந்த வருவாயைக் கடன் கொடுத்தவருக்கும் பங்குதாரருக்கும் எந்த விகிதத்தில் பிரித்தாலும் மொத்த மதிப்பு மாறாது என்றனர். வரி இல்லை, நொடிப்பின் செலவு இல்லை, தனிமனிதரும் நிறுவனமும் ஒரே வட்டியில் கடன் பெறலாம் என்பவை அவர்கள் வைத்த நிபந்தனைகள். இவற்றுக்கெல்லாம் அடியில் சொல்லப்படாத நிபந்தனை ஒன்றும் இருந்தது: பங்கின் விலையைச் சந்தை வைக்கிறது. வரியைப் பற்றியும் நொடிப்பைப் பற்றியும் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விவாதிக்கின்றன. இந்த நான்காவதை எவரும் விவாதிப்பதில்லை. அது இல்லாத நாடு ஒன்றை அக்கட்டுரையாளர்கள் கற்பனை செய்திருக்கத் தேவையில்லை. இந்தியா அத்தகைய நாடாக இருந்தது. ஆகவே இங்கே மூலதனக் கட்டமைப்பு என்பது ஏற்கெனவே உள்ள மதிப்பைப் பிரிக்கும் முறையாக மட்டும் நிற்கவில்லை; ஒருவர் கையிலிருந்த மதிப்பு ஓசையின்றி இன்னொருவர் கைக்கு மாறும் வழியாகவும் ஆயிற்று.

கட்டுப்பாட்டுக்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு டாடா இரும்பு எஃகு நிறுவனத்தின் 1907ஆம் ஆண்டு வெளியீடு நல்ல சான்று. லண்டன் பணச்சந்தையில் மூலதனம் தேடிய முயற்சி கைகூடாமல் போகவே, டோராப்ஜி டாடாவும் துணையாளர்களும் பம்பாய்க்குத் திரும்பினர். மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் மூலதனம் முழுவதையும் தந்துவிட்டனர். சுதேசி இயக்கத்தின் அலை இதற்குக் காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது, அது சரியே. எனினும் அந்த மூலதனம் எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனித்தவர் குறைவு. மொத்தம் 2,31,75,000 ரூபாய். அதில் 75 ரூபாய் முகமதிப்புள்ள சாதாரணப் பங்குகள் 2,00,000; 150 ரூபாய் முகமதிப்பில் 6% நிலையான ஈவு தரும் முன்னுரிமைப் பங்குகள் 50,000; 30 ரூபாய் முகமதிப்புள்ள பின்னுரிமைப் பங்குகள் 22,500. பத்திரமான வருமானத்தை நாடியவருக்கு ஒன்று, நடுத்தரத் துணிச்சலுக்கு ஒன்று, எல்லாருக்கும் கொடுத்தபின் எஞ்சுவதை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு ஒன்று. வரிசையின் கடைசியில் நின்ற அந்தப் பின்னுரிமைப் பங்குதான் முதல் உலகப் போரை அடுத்த எழுச்சியில் முகமதிப்பின் பன்மடங்குக்கு விலைபோனது. முன்னால் நிற்பவர்களுக்கு உரியது நிலையான தொகை என்றால் லாபத்தின் ஏற்றம் முழுவதும் பின்னால் நிற்பவரையே சேரும். நட்டம் வந்தால் அதுவும் அப்படியே. நெம்புகோல் விளைவு என்று இன்று கற்பிக்கப்படுவதைப் பம்பாய்த் தரகர்கள் அந்தச் சிறு பங்கின் விலையேற்றத்தில் கண்டுகொண்டார்கள். தொழிலை நடத்தும் மூலதனத்துக்காகப் பின்னர் வெளியிட்ட 4,00,000 பவுன் கடன்பத்திரம் முழுவதையும் குவாலியர் மகாராஜா ஒருவரே வாங்கினார். பங்குக்குப் பொதுமக்கள், கடனுக்கு ஓர் அரசர்: எந்த ஆபத்தை யார் தாங்குவர் என்பதைக் கணித்து மூலதனத்தை வகுப்பதே முதலீட்டு வங்கியின் அடிப்படைப் பணி என்றால், அப்பெயரில் எவரும் இல்லாத பம்பாயில் அது நடந்துவிட்டது.

1947க்குப் பின் இந்தக் கணிப்புக்கு வேலை குறைந்தது. புதிய நிறுவனம் தன் பங்கை முகமதிப்புக்கே வெளியிட வேண்டும் என்பது பொது நியதி. பழைய நிறுவனம் பிரீமியம் கேட்கலாம்; ஆனால் எவ்வளவு என்பதைக் கட்டுப்பாட்டாளரின் சூத்திரம் சொல்லும். பல ஆண்டு நடைமுறையில் உருவான அந்தச் சூத்திரம் 1990 ஜூலையில் நெறிமுறைகளாக வகைப்படுத்தப்பட்டது. முதலில் நிகர சொத்து மதிப்பு. அடுத்து, கடந்த மூன்றாண்டு நிகர லாபத்தின் சராசரியை ஒரு குறிப்பிட்ட விகிதத்தால் வகுத்துப் பெறும் வருவாய்த் திறன் மதிப்பு. உற்பத்தி நிறுவனத்துக்கு அவ்விகிதம் 15%, வர்த்தக நிறுவனத்துக்கு 20%, இடைப்பட்டவற்றுக்கு 17.5%. இரண்டு மதிப்புகளின் சராசரியே நியாய மதிப்பு. சந்தை விலை இதிலிருந்து வெகுவாக விலகி நின்றால் விகிதத்தைத் தளர்த்த ஓரளவு இடமும் இருந்தது.

பார்வைக்கு நடுநிலையான கணக்கு. ஆனால் அதனுள் ஒரு கோட்பாடு ஒளிந்திருந்தது. அதை எழுதிய அலுவலர்கள் அறிந்தே வைத்ததாகத் தோன்றவில்லை. எளிய எண்களில் பார்க்கலாம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் சொத்து 100 கோடி ரூபாய். வட்டிக்கு முந்தைய ஆண்டு லாபம் 20 கோடி. வரியைத் தற்போதைக்கு விட்டுவிடலாம். கடனே இல்லை, 10 ரூபாய்ப் பங்குகள் 10 கோடி உள்ளன எனில், நிகர சொத்து மதிப்பு 100 கோடி, வருவாய்த் திறன் மதிப்பு 133.33 கோடி, சராசரி 116.67 கோடி. ஒரு பங்கின் நியாய மதிப்பு 11.67 ரூபாய். இனி அதே நிறுவனம் 60 கோடியை 12% வட்டிக்குக் கடனாகவும், 40 கோடியைப் பங்காகவும் வைத்திருப்பதாகக் கொள்வோம். வட்டி 7.2 கோடி போக லாபம் 12.8 கோடி. அதையும் அதே 15 விழுக்காட்டால் வகுத்தால் 85.33 கோடி. நிகர சொத்து 40 கோடி. சராசரி 62.67 கோடி, பங்குகள் 4 கோடி என்பதால் ஒரு பங்கு 15.67 ரூபாய். கடனையும் சேர்த்தால் நிறுவனத்தின் மொத்த மதிப்பு 122.67 கோடி. ஆலை அதே ஆலை, லாபம் அதே லாபம். கடனைச் சேர்த்ததும் ஆறு கோடி ரூபாய் புதிதாக முளைத்துவிட்டது.

கடன் ஏறினால் பங்குதாரரின் ஆபத்தும் ஏறும். ஆகவே அவர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதமும் உயர வேண்டும் என்பது மோடிக்லியானி–மில்லர் வாதத்தின் உயிர்நாடி. சூத்திரத்தின் 15% உயர மறுத்தது. பொருளியல் சிந்தனை வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1952இல் டேவிட் டுராண்ட் இரு மதிப்பீட்டு முறைகளை எதிரெதிரே வைத்தார். அவற்றுள் நிகர வருவாய் அணுகுமுறை என்பது ஏறக்குறைய இதேதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதைப் பாடநூலின் தொடக்க இயலுக்கு அனுப்பிவிட்ட பின்னும், இந்திய அரசின் கோப்புகளில் அது விலை வைக்கும் அதிகாரத்துடன் வீற்றிருந்தது. அதே அலுவலகம்தான் கடனுக்கும் பங்குக்கும் 2:1 என்ற வரம்பையும் விதித்தது. சூத்திரம் கடனுக்குப் பரிசளித்தது; வரம்பு கடனைக் கட்டிப்போட்டது. ஒரே மேசையிலிருந்து புறப்பட்ட இவ்விரு ஆணைகளுக்கு இடையிலான சந்தில்தான் அடுத்த நாற்பதாண்டு நிறுவன நிதி வரலாறு ஓடியது எனலாம்.

கடன் கிடைத்த இடமோ பெரும்பாலும் அரசுடையது. இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1948, ஐசிஐசிஐ 1955, ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956, ஐடிபிஐயும் யூனிட் டிரஸ்ட்டும் 1964 என நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. ஆலை அமைக்கும் செலவின் பெரும்பகுதியை நீண்டகாலக் கடனாக இவை தந்தன. பங்கு வெளியீடு விற்காதபோது ஒப்புறுதிப்படி மீந்ததை வாங்கிக்கொண்டன. நிறுவனரின் சொந்தப் பணம் சிறிது, அரசுப் பணம் பெரிது, அதிகாரம் நிறுவனர் கையில் என்ற அமைப்பு இவ்வாறே உருவாயிற்று. இதை 1969இல் சுபிமல் தத் தலைமையிலான குழு சுட்டிக்காட்டியது. ஆபத்தைத் தாங்கும் அரசு நிறுவனங்களுக்கு ஆதாயத்திலும் பங்கு வேண்டும் என்ற வாதத்திலிருந்து, கடனின் ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை 1970களின் தொடக்கத்தில் கடன் ஒப்பந்தங்களில் கட்டாய விதியாக நுழைந்தது. தொழிலதிபர்கள் இதைக் கொல்லைப்புற நாட்டுடைமை என்றனர். கோட்பாட்டு நோக்கில் அது பிழையற்ற விதி. கடனுடன் ஒட்டிய ஒரு விருப்ப உரிமை, அவ்வளவே. அந்த உரிமைக்கு யாரும் விலை கணக்கிடவில்லை, தலைக்கு மேல் தொங்கும் வாளாக மட்டுமே அதைக் கண்டார்கள் என்பதுதான் விந்தை.

வாள் ஒருமுறை அசைந்தது. 1983இல் பிரிட்டனைச் சேர்ந்த சுவராஜ் பால், வெளிநாடுவாழ் இந்தியருக்குத் திறக்கப்பட்ட புதிய முதலீட்டு வழியில், எஸ்கார்ட்ஸ், டி.சி.எம். ஆகிய நிறுவனங்களின் பங்குகளைத் தம் குழும நிறுவனங்கள் வழியாக வாங்கத் தொடங்கினார். எஸ்கார்ட்ஸை நடத்திய நந்தா குடும்பத்திடம் இருந்த பங்கு மிகச் சிறிது. பாதிக்கும் மேற்பட்டது பொதுத்துறை நிதி நிறுவனங்களிடம் இருந்தது. நிர்வாகம் பங்கு மாற்றத்தைப் பதிவுசெய்ய மறுத்து நீதிமன்றம் சென்றது. ஆயுள் காப்பீட்டுக் கழகமோ இயக்குநர்களை நீக்கப் பொதுக்கூட்டம் கூட்டுமாறு கோரியது. 1985 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அரசு நிறுவனமும் பங்குதாரரே. பிற பங்குதாரருக்குள்ள உரிமை அதற்கும் உண்டு என்றது. சட்டம் தெளிவாயிற்று. நடைமுறையில் நந்தா குடும்பமே நிறுவனத்தில் தொடர்ந்தது, பால் பின்வாங்கினார். ஆனால் அந்த இரண்டாண்டுகளில் நாட்டின் நிறுவனர்கள் அனைவரும் தம் ஐந்தொகையை எடுத்து, மொத்தத்தில் தமக்கு உரியது எவ்வளவு என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

வங்கிக் கடன் என்றால் அரசு நிறுவனங்களின் தயவு. பங்கு என்றால் சூத்திர விலை. இரண்டையும் விட்டு விலகிய வழி, பாதி கடனும் பாதி பங்குமான மாற்றத்தக்க கடன்பத்திரம். 1970களின் இறுதியிலிருந்து இதை மிக விரிவாகக் கையாண்டது ரிலையன்ஸ். 1977இல் 10 ரூபாய்ப் பங்கை முகமதிப்புக்கே வெளியிட்ட அந்நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளில் பகுதி மட்டும் பங்காக மாறும் கடன்பத்திரங்களை வரிசையாக வெளியிட்டது. வட்டிக்கு வரிவிலக்கு உண்டு, ஈவுத்தொகைக்கு இல்லை. நிறுவன வரி 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த காலத்தில் இது சிறிய சலுகை அன்று. வாங்கியவரோ வட்டிக்காக வாங்கவில்லை. சூத்திர விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவிலிருந்த இடைவெளி பங்காக மாறும்போது தம் கைக்கு வரும் என்பதற்காக வாங்கினார்.

இன்னும் துணிச்சலான அடி, மாற்றமுடியாது என்று சொல்லி விற்ற எஞ்சிய பகுதியையும் அரசின் ஒப்புதலுடன் பங்காக மாற்றியது. 100 ரூபாய்க் கடனுக்கு 1.4 பங்கு என்ற கணக்கில் 73.5 கோடி ரூபாய்க் கடன் மறைந்து, 10.29 கோடி ரூபாய் முகமதிப்புள்ள பங்கு மூலதனம் பிறந்தது. ஒரு பங்குக்குச் சுமார் 71 ரூபாய். சந்தை விலை அதைவிட உயர்ந்திருந்ததால் பத்திரதாரர்கள் மகிழ்ந்தனர். நிறுவனம் பெற்றதை அளக்க 2:1 வரம்பை நினைவுகூர வேண்டும். நிகர மதிப்பு 73.5 கோடி கூடினால் அனுமதிக்கப்பட்ட கடன் 147 கோடி கூடும்; பழைய கடன் 73.5 கோடியும் நீங்கிவிட்டது. வரம்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு ரூபாய்கூடப் புதிதாக வராமலேயே 220.5 கோடி ரூபாய் கடன் வாங்க இடம் பிறக்கிறது. கடனைக் கட்டுப்படுத்த வைத்த விதி, கடனைப் பங்காக்குபவருக்கு அதன் மூன்று மடங்கு இடத்தைத் தந்தது! ஆற்றல்மிக்க ஒரு நிறுவனத்தின் தந்திரம் என்று மட்டும் இதைப் படிப்பது போதாது. விதிகளின் சந்தை அது சரியாக வாசித்தது என்பதே பொருத்தம். 1986 ஜூனில் நிதியமைச்சகம் இத்தகைய மாற்றத்துக்குத் தடை விதித்தபோது, இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் கடன்–பங்கு விகிதம் செய்தித்தாளின் முதல்பக்க அரசியலாகவே மாறியிருந்தது.

இக்காலத்தில் முதலீட்டு வங்கியர் என்ன செய்தனர்? இந்தியாவில் அவர்களுக்கு மெர்ச்சன்ட் பேங்கர் என்று பெயர். கிரிண்ட்லேஸ் வங்கி 1967இல் இப்பணியைத் தொடங்கியது. ஸ்டேட் வங்கி 1972இலும் ஐசிஐசிஐ 1973இலும் பின்தொடர்ந்தன. மதிப்பிடுவது அவர்கள் வேலை அன்று. அதைத் தில்லி செய்துவிட்டது. ஒப்புதல் மனுவைச் சூத்திரத்துக்கு இசையத் தயாரிப்பது, நிதி நிறுவனங்களிடம் ஒப்புறுதி பெறுவது, தரகர் வலையைச் சிறுநகரங்கள்வரை விரிப்பது, குவியும் விண்ணப்பங்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கீடு செய்வது ஆகியவையே பணி. விலை குறைவாக வைக்கப்பட்ட பண்டத்துக்கு விற்பனைத் திறமை எதற்கு? நியூயார்க்கில் ஒரு முதலீட்டு வங்கி தவறாக விலை வைத்தால் விற்காத பங்கு அதன் தலையில் விழும். இங்கே விலையின் தவறு வெளியீட்டு நிறுவனத்தின் பழைய பங்குதாரர் தலையில் விழுந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், 1973, வெளிநாட்டுத் தாய் நிறுவனங்களின் பங்கைப் பொதுவாக 40 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்னபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. புகழ்பெற்ற நிறுவனங்களின் பங்குகள் சந்தை தரக்கூடியதைவிட வெகு குறைந்த விலைக்கு இந்திய நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்கு வந்தன. பங்கு மோகம் என்று பத்திரிகைகள் எழுதிய நிகழ்வின் வேர், சேமிப்பாளரின் துணிச்சலைவிடச் சூத்திரத்தின் தாராளத்தில்தான் ஆழமாக இருந்தது.

முடிவு விரைவாக வந்தது. 1991 ஜூலைத் தொழிற்கொள்கை, புதிய திட்டங்களுக்கான கடன்களில் பங்காக மாற்றும் கட்டாய விதியைக் கைவிட்டது. 1992 ஏப்ரலில் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிப்பட்டது. ஏ.சி.சி. பங்கின் நம்பமுடியாத ஏற்றத்துக்கு அவர் சொன்ன நியாயம், அதே ஆலைகளை இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவு என்பது. நிகர சொத்து மதிப்பு என்ற அரசுச் சூத்திரத்தின் ஒரு பாதியைப் பழைய விலைக்குப் பதில் புதிய விலையில் எழுதிப் பார்த்த வாதம் அது. சந்தையின் விலைமேல் நாட்டின் நம்பிக்கை சிதறிக்கிடந்த அதே வாரங்களில், மே 29 அன்று, விலையைச் சந்தையிடமே ஒப்படைத்து மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

சுதந்திர விலையின் முதல் பயனாளிகளில் சிலர் எதிர்பாராதவர்கள். கட்டுப்பாடு நீங்கிய ஓரிரு ஆண்டுகளில், முன்னர் பங்கைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்த வெளிநாட்டுத் தாய் நிறுவனங்கள் பல, முன்னுரிமை ஒதுக்கீடு என்ற வழியில் சந்தை விலைக்கு வெகு கீழே புதிய பங்குகளைத் தமக்கே எடுத்துக்கொண்டு 51 விழுக்காட்டுக்கு மீண்டன. 1970களில் சூத்திரம் யாரிடமிருந்து யாருக்கு மதிப்பை மாற்றியதோ, அந்தத் திசை இப்போது தலைகீழாயிற்று. 1994 ஆகஸ்டில் செபி, அத்தகைய ஒதுக்கீட்டின் விலையை முந்தைய ஆறு மாதச் சந்தைச் சராசரியுடன் பிணைத்தபோது இவ்வழி அடைபட்டது.

சூத்திரம் மட்டும் சாகவில்லை. வெளியீட்டு ஆவணத்தில் விலைக்கான அடிப்படையை விளக்க வேண்டும் என்று செபி கேட்டது. ஒரு பங்குக்கான வருவாய், நிகர சொத்து மதிப்பு என்ற பழைய எண்கள், ஒப்புதலுக்கான கணக்காக அன்றி வாசகருக்கான விளக்கமாக அங்கே குடியேறின. பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கு இந்தியரிடமிருந்து வெளிநாட்டவர் கைக்கு மாறும்போதோ, ரிசர்வ் வங்கி விதிகளின்படி குறைந்தபட்ச விலையைக் கணக்கிடக் கலைக்கப்பட்ட அந்த அலுவலகத்தின் நெறிமுறையே பயன்பட்டது. 15 விழுக்காட்டால் வகுக்கும் வழக்கம், அதை வகுத்தவர்களின் பதவி ஒழிந்து பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. 2010இல்தான் ரிசர்வ் வங்கி அதை மாற்றி, எதிர்காலப் பணவரவைத் தள்ளுபடி செய்து மதிப்பிடும் முறையை விதித்தது; செபியிடம் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கரோ பட்டயக் கணக்காளரோ அதற்குச் சான்றளிக்க வேண்டும் என்றது. அந்த முறையில் தள்ளுபடி விகிதத்தைத் தேர்ந்தெடுக்க, கடனின் செலவையும் பங்கின் செலவையும் அவற்றின் விகிதத்துக்கேற்ப எடையிட்டாக வேண்டும். கடன் கூடினால் பங்கின் செலவும் கூடும் என்ற 1958ஆம் ஆண்டு வரி, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மெர்ச்சன்ட் பேங்கர் கையொப்பமிடும் ஒரு தாளின் வழியாக இந்திய விதிக்குள் வந்து சேர்ந்தது.